நீ யாருடைய பக்கம்?
நடுநிலையும் இனச்சார்பும் குறித்துச் சில எண்ணங்கள்

கலவான பஸாரில் என் தாய்மாமன் ஒரு சில்லறைக் கடை வைத்திருந்தார். சுற்றியுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலிருந்து சம்பளம் கிடைத்த மறுநாள் வரும் கூட்டமே அவருடைய வியாபாரம். மாதம் முழுவதும் அரிசி, மா, சீனி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் கடனுக்குப் போகும். கடையில் ஒரு பெரிய கொப்பி; வாங்குபவரிடம் ஒரு சிறிய கொப்பி. எண்பதுகளின் இறுதியில், நான் ஆசிரியர் நியமனம் பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தபோது, அந்த இரண்டு கொப்பிகளும் ஒத்துப்போகாத ஒரு தகராறு வந்தது. தோட்டத்துக் குடும்பத் தலைவர் ஒருவர், தான் வாங்காத அரிசிக்குக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது என்றார். மாமா, எழுதியது எழுதியதுதான் என்றார். கடைசியில் படித்தவன் என்பதால் என்னைக் கணக்குப் பார்க்கச் சொன்னார்கள்.

பார்த்தேன். ஒரே நாளின் அரிசிக் கணக்கு, பக்கம் மாறும் இடத்தில் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. வேண்டுமென்று செய்ததாக இராது. ஆனாலும் பிழை பிழைதான். அதைச் சொன்னேன். அவர் போனபிறகு மாமா என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நீ யார்ட பக்கம் மகன்?" அந்த மனிதரும் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனார்: "சந்தோசம் சேர். ஆனா நீங்க மொதலாளி பக்கந்தான் பேசுவீங்கன்னு நெனச்சோம்."

இருவரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். ஒருவன் எந்தக் கூட்டத்தில் பிறந்தானோ அந்தக் கூட்டத்தின் கண்ணால்தான் பார்ப்பான் என்பது இருவருடைய எதிர்பார்ப்பும். ஒருவருக்கு அது உரிமை. மற்றவருக்கு அது விதி. கூட்டத்தில் ஒருவனாக இருந்துகொண்டே உண்மையை உண்மையாகப் பார்க்க முடியுமா? முடியும் என்றால், அப்படிப் பார்ப்பவன் கூட்டத்துக்கு உரியவனாகத் தொடர்ந்து இருக்க முடியுமா? இந்தக் கேள்வியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் மிகுந்த அக்கறையோடு கேட்டார்கள். அவர்கள் ஆண்ட இந்தத் தீவில், அதே காலத்தில், நம்மைப் பற்றியே அது கேட்கப்பட்டது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது பயன் தரும் என்று எண்ணுகிறேன்.

*

விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்காலம் 1837 முதல் 1901 வரை. அக்காலத்துச் சிந்தனையாளர் பலருக்கு, தன் வர்க்கத்தையும் மதப்பிரிவையும் கட்சியையும் விட்டு எட்ட நின்று பார்ப்பது ஓர் ஒழுக்கப் பயிற்சியாகவே இருந்தது. மத்தியூ ஆர்னோல்ட் 1869இல் வெளியிட்ட 'பண்பாடும் அராஜகமும்' என்ற நூலில் ஆங்கிலச் சமூகத்தை மூன்று வர்க்கங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தன் நலனையே நியாயம் என்று நம்புவதைக் கேலி செய்தார். ஆனால் ஒவ்வொரு வர்க்கத்திலும், தன் வர்க்க உணர்வை மீறி மனித நேயத்தால் வழிநடத்தப்படும் சிலர் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். அவர்களுக்கு அவர் வைத்த பெயர் 'அந்நியர்' என்பதாகும். புகழ்ச்சியாகவே சொன்னார் என்றாலும், அந்தச் சொல்லின் கசப்பை நான் மாமாவின் கடையில் அறிந்திருக்கிறேன். நியாயம் சொல்பவன் வீட்டுக்குள்ளேயே அந்நியனாகிறான்.

ஜோன் ஸ்டுவர்ட் மில் 1859இல் எழுதிய 'சுதந்திரம் பற்றி' என்ற நூல், எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடும் கேட்டறியாதவன் தன் தரப்பையே சரியாக அறியாதவன் என்று வலியுறுத்துகிறது. இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் அதே மில் 1823 முதல் 1858 வரை, முப்பத்தைந்து ஆண்டுகள், கிழக்கிந்தியக் கம்பனியில் உத்தியோகம் பார்த்தவர். தன் சுதந்திரக் கோட்பாடு முதிர்ச்சியடையாத சமூகங்களுக்குப் பொருந்தாது என்று அந்த நூலிலேயே விலக்கு எழுதியும் வைத்தவர். எல்லாத் தரப்பையும் கேட்கச் சொன்ன ஒருவர், ஆளப்படுவோரின் தரப்பைக் கேட்கத் தேவையில்லை என்று கருதினார். உயரத்தில் நிற்பவனுக்கு எல்லாம் தெரிவது போலத் தோன்றும். தான் நிற்கும் மேடை மட்டும் தெரியாது.

இந்தச் சிக்கலை மிக நுட்பமாக உணர்ந்தவர் ஒரு நாவலாசிரியை. ஜோர்ஜ் எலியட் என்ற புனைபெயரில் எழுதிய அப்பெண்மணியின் கடைசி நாவல் 'டானியல் டெரொண்டா' 1876இல் வெளிவந்தது. அதன் நாயகன் ஆங்கிலக் கனவான் ஒருவரின் வீட்டில் வளர்கிறான். தன் பெற்றோர் யாரென்று அறியான். எல்லோருடைய துயரமும் அவனுக்குப் புரிகிறது. எல்லோருடைய பக்கமும் நியாயமாகத் தெரிகிறது. அதனாலேயே அவனால் எதையும் செய்ய முடிவதில்லை. எங்கும் பரவிய அனுதாபம் எங்கும் வேர்விடாமல் போகிறது. இறுதியில் தான் ஒரு யூதன் என்று அறியும்போதுதான் அவனுக்கு ஒரு பணி கிடைக்கிறது. சார்பு இல்லாமல் செயல் இல்லை என்கிறார் எலியட்.

ஆனால் அவர் அங்கேயே நிறுத்திவிடவில்லை. டெரொண்டாவின் தாயையும் பேச வைக்கிறார். பாடகியாக வாழ விரும்பிய அவளுக்குத் தந்தை சுமத்திய மரபு ஒரு விலங்காக இருந்தது. மகனை அதிலிருந்து விடுவிக்கவே அவனை அந்நிய வீட்டில் வளரவிட்டாள். மகனுக்கு விடுதலையான அதே உறவு தாய்க்குச் சிறையாக இருந்தது. இரண்டும் உண்மை. இரண்டில் ஒன்றை அழித்துவிடாமல் வைத்திருப்பதே அந்நாவலின் நேர்மை.

*

இனி இந்தத் தீவுக்கு வருவோம். 1833இல் அமைக்கப்பட்ட சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் இன அடிப்படையிலேயே நியமிக்கப்பட்டு வந்தார்கள். ஓர் இனம் என்று அங்கீகரிக்கப்பட்டால் ஓர் ஆசனம் கேட்கலாம். ஆகவே "இவர்கள் யார்?" என்பது வெறும் அறிவுத் தேடலாக இருக்கவில்லை. அதில் ஒரு நாற்காலியும் அடங்கியிருந்தது.

தமிழ்ப் பிரதிநிதியாக அச்சபையில் இருந்த பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் 'இலங்கைச் சோனகரின் இனவியல்' என்ற கட்டுரையை வாசித்தார். மொழி, வழக்காறு, உடலமைப்பு, வரலாறு ஆகியவற்றைச் சான்றுகளாக அடுக்கி, சோனகர் மதத்தால் முஸ்லிம்கள், இனத்தால் தமிழர் என்ற முடிவுக்கு வந்தார். மறு ஆண்டே, 1889இல், சபை விரிவாக்கப்பட்டு எம்.சி. அப்துல் ரஹ்மான் முதலாவது சோனக உறுப்பினராக நியமனம் பெற்றார். தனி ஆசனம் கிடைப்பதைத் தடுக்கும் நோக்கமே அக்கட்டுரையின் பின்னால் இருந்தது என்ற ஐயம் நம்மிடையே இன்றுவரை தொடர்கிறது.

ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு விரிவான மறுப்பை வெளியிட்டார். சோனகரின் மூதாதையர் அரபிகள். அவர்கள் இங்குள்ள பெண்களை மணந்தார்கள். வியாபாரத்தின் பொருட்டும் வாழ்க்கையின் பொருட்டும் தமிழை ஏற்றார்கள். மொழி இனத்தைக் காட்டாது என்பது அவருடைய வாதம். நம்மவர் பலருக்கு அஸீஸ் நம்மைக் காத்தவர்; இராமநாதன் நம்மை விழுங்க வந்தவர். நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன்.

ஆனால் இரண்டு கொப்பிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டாமா? இருவருமே தாம் பேசுவது சார்பற்ற உண்மை என்றே நம்பினார்கள். இருவரும் பயன்படுத்தியது ஒரே தராசு. ஒரு சமூகம் யார் என்பதை அதன் வேர் சொல்லும், அந்த வேரை அறிஞன் தோண்டி எடுத்துக் காட்டிவிடலாம் என்ற விக்டோரியாக் காலத்து நம்பிக்கைதான் அது. தோண்டிய இடங்கள் மட்டுமே வேறு.

இராமநாதனிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது. மொழி இனத்தைத் தீர்மானிக்கும் என்றால், தம் வீட்டிலும் மன்றத்திலும் ஆங்கிலமே பேசிய கொழும்புக் கனவான்களை ஆங்கிலேயர் என்று ஒப்புக்கொள்வாரா? மாட்டார். அப்படியானால் அந்த அளவுகோல் பிறருக்கு மட்டும் வைத்தது. அஸீஸிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. தாய்மார் இந்நாட்டவர் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். பிள்ளைக்கு மொழியையும் உணவையும் தாலாட்டையும் கொடுத்தது தாய். அவளுடைய பங்கு கணக்கில் ஏன் வரவில்லை? கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே குடி தாய்வழியாகவே வருகிறது. தந்தைவழி அரபு வம்சம் என்ற ஒற்றைச் சூத்திரத்துக்குள் அந்த வழக்கம் அடங்குமா?

ஆக, கொழும்பின் படித்தவர் இருவர் நம்மைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தபோது, அக்கரைப்பற்று வயற்காரரும் கலவான பஸாரின் கடைக்காரரும் கேட்கப்படவே இல்லை. தம்மைத் தாம் யார் என்று அவர்கள் எண்ணினார்கள் என்பது சான்றாகக் கொள்ளப்படவில்லை. அக்காலத்து அறிவுக்கு மனிதன் ஆராயப்படும் பொருள்; பதில் சொல்லும் ஆள் அல்லன்.

அதே காலத்தில் கண்டியில் வேறொரு மனிதர் இருந்தார். அறிஞர் எம்.சி. சித்திலெப்பை (1838 – 1898) சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1885இல் அவர் வெளியிட்ட 'அஸன்பேயுடைய கதை' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. எகிப்தில் பிறந்து, குழந்தையாகவே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, பின்னர் தன் பிறப்பை அறிபவனின் கதை அது. டெரொண்டா வெளிவந்து ஒன்பது ஆண்டுகளின் பின் வந்தது. ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டதாக நான் சொல்ல வரவில்லை. தன் கூட்டம் எது என்பதை ஒருவன் தேடிக் கண்டடையும் கதை, பேரரசின் நிழலில் வாழ்ந்த பலருக்கும் தேவைப்பட்டிருக்கிறது என்பதே கவனிக்கத்தக்கது.

சித்திலெப்பையின் வாழ்க்கையோ அந்தக் கதையைத் தாண்டியது. அவர் தன் சமூகத்தைத் தேடவில்லை, அதற்குள்ளேயே இருந்தார். உள்ளே இருந்துகொண்டே, ஆங்கிலக் கல்வியை வெறுப்பதும் பெண்களைப் படிக்கவிடாததும் பிழை என்று எழுதினார். பெண்களுக்கும் பாடசாலை அமைத்தார். எதிர்ப்பு வந்தது, ஏச்சும் வந்தது. நாடுகடத்தப்பட்டு 1883இல் இங்கு வந்த எகிப்தின் ஒராபி பாஷா, வாப்பிச்சி மரிக்கார் ஆகியோருடன் சேர்ந்து 1892இல் மருதானையில் அவர் ஊன்றிய விதையே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. ஆர்னோல்டின் 'அந்நியர்' என்ற சொல் அவருக்குப் பொருந்தாது. எட்ட நின்று பார்த்ததால் அவருக்குக் குறை தெரியவில்லை; கிட்ட இருந்ததால் தெரிந்தது; சொந்தம் என்பதால் வலித்தது.

*

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் மாவட்டத்தில் மாணிக்கக் கல் விற்கும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். கல்லைத் தோண்டி எடுத்தவன் அதன் விலையைக் கூட்டிச் சொல்வான். வாங்க வந்தவன் குறைத்துச் சொல்வான். இருவருக்கும் ஆதாயம் உண்டு. ஆதாயமே இல்லாத ஒருவரைப் பிடித்து விலை கேட்டால் அவருக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. அறிந்தவனுக்குச் சார்பு இருக்கிறது, சார்பில்லாதவனுக்கு அறிவில்லை. அப்படியும் வியாபாரம் நடக்கிறது. எப்படி? கல்லைப் பகல் வெளிச்சத்தில் வைத்து இருவரும் பார்க்கிறார்கள்; ஒரே தராசில் நிறுக்கிறார்கள். நடுநிலை என்பது ஆளின் பிறப்பில் இல்லை. இருவருக்கும் பொதுவான வெளிச்சத்திலும் தராசிலும் இருக்கிறது. வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தராசை உவமையாக எடுத்ததும், இறைமறையின் நான்காம் அத்தியாயம் 135ஆம் வசனம் நீதியைத் தனக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராகவேனும் நிலைநாட்டச் சொல்வதும் இந்த இடத்தில் சந்திக்கின்றன. உறவை அறுத்துக்கொண்டு வா என்று அவ்வசனம் கேட்கவில்லை. உறவினனாக இருந்துகொண்டே சாட்சி சொல் என்கிறது. அதுதான் கடினம்.

இப்னு கல்தூன் 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் இந்த இரு முகத்தையும் காணலாம். 'அஸபிய்யா' எனும் கூட்டுணர்வு இல்லாமல் எந்த ஆட்சியும் எழாது என்றவர் அவர். வரலாற்றுச் செய்திகளில் பொய் நுழைவதற்கான காரணங்களில் தன் தரப்பின் மீதான பற்றை முதலில் வைத்தவரும் அவரே. கூட்டுணர்வு சமூகத்தைக் கட்டுகிறது. அதே உணர்வு கண்ணையும் கட்டுகிறது. கட்டுவதை வைத்துக்கொண்டு கண்கட்டை மட்டும் அவிழ்ப்பது எப்படி என்பதே அவர் நமக்கு விட்டுச்சென்ற வேலை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பெரும்பான்மையினர் தம்மைத் தாமே விமர்சிக்கலாம். அவர்களுக்கு இழப்பு இல்லை. நாம் சிறுபான்மை. நம் குறையை நாமே சொன்னால் நாளைக்கு அதுவே நமக்கு எதிரான சாட்சியாகும். 2014இல் அளுத்கமையையும் 2018இல் திகனையையும் கண்டவர்களிடம் இதை வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாது. எங்கே, எப்போது, எந்தத் தொனியில் சொல்வது என்பதில் நிதானம் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் நிதானம் என்ற பெயரில் என்றைக்குமே சொல்லாமல் இருந்துவிடுகிறோம் என்பதே என் ஐயம். கடைக்காரன் தானே திருத்தாத கணக்கை வேறொருவன் தெருவில் வைத்துத் திருத்துவான்.

அதேபோல இன்னொரு அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். தன் சமூகத்தைக் குறை சொன்னால் 'நடுநிலையாளர்' என்ற பெயர் சுலபமாகக் கிடைக்கும். வெளியார் கைதட்டுவார்கள். மாமாவின் கொப்பியில் பிழை கண்டபோது எனக்குள் ஒரு சிறு பெருமையும் எழுந்தது என்பதை மறைக்க மாட்டேன். அந்தப் பெருமையும் ஒரு சார்புதான். பிழை மற்றக் கொப்பியில் இருந்திருந்தால் அதே உறுதியோடு அந்த ஏழை மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேனா என்பதே உண்மையான சோதனை.

*

இராமநாதனையே வைத்து அந்தச் சோதனையை நாம் செய்து பார்க்கலாம். 1915 மே 28இன் இரவில் கண்டியில் தொடங்கிய வன்செயலில் நம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அது சப்ரகமுவவுக்கும் பரவியது. அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. விசாரணையின்றிச் சுடப்பட்டவர்கள் உண்டு. ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் ஜூலை 7இல் மரண தண்டனைக்கு உள்ளானார். இராமநாதன் சபையில் சிங்களத் தலைவர்களுக்காக ஆவேசமாக வாதாடினார். நம் மக்களின் இழப்பு அவருடைய பேச்சில் உரிய இடம் பெறவில்லை என்ற மனத்தாங்கல் நம்மிடம் ஆழமாக உண்டு. அந்த மனத்தாங்கல் நியாயமானது. ஆனால் இராணுவச் சட்டத்தின் அத்துமீறல்களைப் பற்றி அவர் சொன்னதும் நியாயமானதே. நமக்கு நடந்த அநீதிக்காக இன்னொருவருக்கு நடந்த அநீதி நீதியாகிவிடாது. நம்மை மறந்தவர் சொன்ன உண்மையும் உண்மைதான். நூறாண்டுக்குப் பிறகும் இதை எழுத என் கை தயங்குகிறது. அந்தத் தயக்கத்தின் பெயர்தான் அஸபிய்யா.

அதைவிடக் கூடுதலாகத் தயங்க வைக்கும் கணக்கொன்று இருக்கிறது. 1911 குடிசன மதிப்பு சோனகரை இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்றும், தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்றும் பிரித்து எண்ணியது. அன்று பிரிக்கப்பட்ட தோட்டத் தமிழரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டின் சட்டம் பறித்தது. 1981 ஆகஸ்டில் எங்கள் இரத்தினபுரி மாவட்டத்தின் பல இடங்களில் அவர்கள் தாக்கப்பட்டு லயங்களிலிருந்து விரட்டப்பட்டார்கள். மாமாவின் கடைக்கு வந்தவர்கள் அந்த மக்கள்தான். எங்கள் வீட்டு அரிசி அவர்களுடைய சம்பளத்திலிருந்து வந்தது.

நான் சில கதைகளும் கட்டுரைகளும் எழுதியிருக்கிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நம் மக்களைப் பற்றி அவற்றில் பலமுறை வருகிறது. வரவேண்டியதுதான். 1915உம் வருகிறது. 1981 ஒருமுறையேனும் வரவில்லை. யாரும் தடுக்கவில்லை, மறைக்கவும் நினைக்கவில்லை. அது 'நம்முடைய' துயரம் அல்ல என்பதால் பேனாவுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மாமாவின் கொப்பியில் ஒரு வரி இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. என்னுடையதில் ஒரு வரி எழுதப்படவே இல்லை.

யாருடைய பக்கம் என்ற கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகள் மாமா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினார், அந்தக் கணக்கைப் பற்றி மட்டும் கடைசிவரை பேசவில்லை. இன்று கேட்டால், "உங்கட பக்கம்தான் மாமா, அதனாலதான் கொப்பிய ஒழுங்காப் பார்த்தன்" என்று சொல்வேன். அவர் ஏற்றுக்கொண்டிருப்பாரா என்று தெரியாது. என் கொப்பியில் விடுபட்ட வரியை எழுதத் தொடங்குவதற்கு அவருடைய சம்மதம் தேவையில்லை என்பது மட்டும் தெரிகிறது.